பத்து வருஷத்துக்கு அப்புறம் ஒரு மஞ்சள் அட்டை

தாட்சாயணியின் வருங்காலம் ஒன்றரை நிமிஷம் ஓடியது. அதில் அவள் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லை.

பட்டாளத்தான் தோட்டம் மகளிர் கால்பந்துக் கழகத்தின் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அலுவலகத்தில் பதினெட்டுப் பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி படமும் முடிந்ததும் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். தாட்சாயணியின் படம் முடிந்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் இருந்தது அவளேதான். பதினைந்து வயசு இருபத்தைந்தாகியிருந்தது, முகம் கொஞ்சம் நீண்டிருந்தது, முடியை அதே மாதிரி தூக்கிக் கட்டியிருந்தாள். ஆனால் உடை கறுப்பு. மணிக்கட்டில் விசில். ஓடிக்கொண்டேயிருந்தாள், பந்துக்குப் பத்தடி தள்ளி. கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்தினாள். அதோடு படம் நின்றது.

"இன்னாக்கா இது," என்றாள் தாட்சாயணி. "நான் ரெஃப்ரியா?"

படம் போட்டுக் காட்டிய இன்பவல்லி கும்பகோணத்துக்காரி. புள்ளியியல் படித்துவிட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மைதானத்தின் நாலு மூலையிலும் கம்பம் நட்டுக் கேமரா வைத்தவள் அவள்தான். யார் எத்தனை அடி ஓடினார்கள், எந்தக் காலால் திரும்பினார்கள், மூச்சு வாங்க எவ்வளவு நேரம் நின்றார்கள், கண் எங்கே போனது என்று எல்லாவற்றையும் கேமரா பார்த்துக் கணக்காக்கும். அந்தக் கணக்கைத் தின்று, அந்தப் பெண் பத்து வருஷம் கழித்து எப்படி ஆடுவாள் என்பதை ஒரு கணினி நிரல் படமாகவே வரைந்து தரும். யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. கழகத்தில் எல்லோரும் அதை ஜோசியம் என்றார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணல தாச்சு," என்றாள் இன்பவல்லி. "உன்னோட நாப்பத்தோரு மேட்ச்தான் உள்ள போயிருக்கு. நீ பந்தைப் பாக்கறதைவிடக் கோட்டைத்தான் அதிகமா பாக்கற. யாரு காலு எங்க இருக்கு, யாரு யாரைப் புடிச்சு இழுக்கறாங்கன்னு பாக்கற. இந்த மேட்ச்ல எல்லாம் சேத்து இருநூத்திப் பன்னெண்டு ஃபவுல் ஊதியிருக்காங்க. அதுல இருநூத்தி நாலு தடவை, விசில் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நீ ஓடறதை நிறுத்திட்ட."

"மீதி எட்டு?" என்று கேட்டார் பயிற்சியாளர் ஆரோக்கியதாஸ் மாஸ்டர்.

"அந்த எட்டும் ஃபவுல் இல்ல மாஸ்டர்," என்றாள் தாட்சாயணி, யோசிக்காமல்.

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து யார் கண்ணுக்கும் அவள் வலதுபுற முன்னாட்டக்காரியாகத் தெரியவில்லை. பயிற்சியில் பந்து வெளியே போனால் இரண்டு பக்கத்துப் பெண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். "தோ, ரெஃப்ரி வருது, பாத்துப் பேசு." தெருவிலும் செய்தி பரவிவிட்டது. தண்ணீர் லாரி வந்த அன்றைக்கு யார் குடம் முதலில் வைத்தது என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு. யாரோ போய்த் தாட்சாயணியைக் கூட்டிவந்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவள் பல் தேய்த்தபடி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பச்சைக் குடம்தான் முதலில் வந்தது, ஆரஞ்சுக் குடம் காலால் தள்ளப்பட்டு முன்னே வந்தது என்று சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து ஆரஞ்சுக் குடத்து வீட்டில் அவள் அம்மாவோடு பேச்சில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா கோதண்டம் மட்டும் கலங்கவில்லை. "ரெஃப்ரி வேலைக்குப் பென்ஷன் கீதான்னு கேட்டியா?" என்றார்.

அவளுக்கு ஆறுதலாக ஒரே ஒரு ஆள் இருந்தாள், சுமையா. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தாட்சாயணி வலதுபக்கம் ஓடிப் பந்தைத் தூக்கிக் கொடுப்பாள், சுமையா கோல் போடுவாள். சுமையாவின் படத்தில் அவள் நீல ஜெர்சியில், ஒன்பதாம் எண்ணோடு, நிரம்பி வழியும் மைதானத்தில் மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போனாள். பெனால்ட்டி எல்லைக்குள் விழுந்தாள், இரண்டு கையையும் தூக்கினாள். அங்கே படம் நின்றது. நீலம் என்றால் இந்தியாதான் என்று அவள் அத்தா ரஷீத் முடிவு கட்டிவிட்டார். பைக் சீட் கவர் தைக்கும் தன் கடைக்கு மேலே 'வருங்கால இந்திய வீராங்கனை சுமையா' என்று பன்னிரண்டு அடிக்கு ஃபிளெக்ஸும் கட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து இருவரும் கோல்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, சுமையா இரண்டு படத்தையும் இரண்டு செல்போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினாள்.

"தாச்சு, ஸ்கோரு பாரு. உன்னுதுல ஒண்ணுக்கு ஒண்ணு. என்னுதுலயும் ஒண்ணுக்கு ஒண்ணு."

"அதுக்கின்னா?"

"டைம் பாரு. நான் வுழுறது எம்பத்தெட்டாவது நிமிஷம், ஒம்போதாவது செகண்டு. நீ அட்டைய எடுக்குறது எம்பத்தெட்டு, பதினாலு. அட்டைக்கு முன்னால ஒருத்தி கீழ குந்தினு கீறா பாரு. முதுவுல இன்னா நம்பரு?"

தாட்சாயணி பார்த்தாள். ஒன்பது.

"எனுக்கா காட்டுற?" என்றாள் சுமையா. "பெனால்ட்டியும் குடுக்காம, வேணும்னே வுழுந்தேன்னு மஞ்ச அட்ட வேறயா?"

"நான் எங்கடி காட்னேன்?"

"தோ காட்றியே."

இருவரும் இன்பவல்லியிடம் ஓடினார்கள். அவள் தலையைச் சொறிந்தாள். பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டு மேட்ச் கற்பனை பண்ணினால் கம்ப்யூட்டருக்குச் சுமை என்று நிரல் எல்லோரையும் ஒரே மேட்சில் போட்டிருக்கும் என்றாள். "இது சும்மா ஒரு வாய்ப்புதான் சுமையா. நடந்தே தீரும்னு இல்ல. அதுக்குன்னு நடக்காதுன்னும் இல்ல." இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கால் பட்டுதா, படலியா, அத்த மட்டும் சொல்லு," என்றாள் சுமையா, தாட்சாயணியைப் பார்த்து.

"எனுக்கு எப்டித் தெரியும்? நான் இன்னும் அங்க போவவேயில்லியே."

இரண்டு நாளில் பட்டாளத்தான் தோட்டமே இரண்டாகப் பிரிந்தது. டீக்கடை டிவியில் அந்தப் பத்து செகண்டை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். கால் பட்டது என்று பாதிப் பேர், படவில்லை என்று பாதிப் பேர். சுமையா பழைய கேடி, தடுக்காமலே விழுவாள் என்று ஒருவர் சொல்ல, ரஷீத் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து அவர் சட்டையைப் பிடித்தார். பத்து வருஷம் கழித்து நடக்கப்போகும் ஓர் ஆட்டத்துக்காக இன்றைக்கே இரண்டு டீ கிளாஸ் உடைந்தன.

விலக்கிவிட வந்த மாஸ்டர், நல்லதாக நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "ரஷீத் பாய், ரெண்டு நாட்டு மேட்ச்னா அந்த நாட்டு ஆளையே ரெஃப்ரியா போட மாட்டாங்க. தாச்சு ஊதுதுன்னா, அது இந்தியா மேட்ச்சே இல்ல. ஏதோ கிளப்பு மேட்ச்சு. நீலம் அந்தக் கிளப்பு கலரு. வுடுங்க."

ரஷீத் சட்டையை விட்டார். திரும்பிக் கடைக்குப் போனார். மறுநாள் காலை ஃபிளெக்ஸில் 'இந்திய' என்ற சொல்லின் மேல் சீட் கவர் ரெக்சின் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 'வருங்கால வீராங்கனை' என்று மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பார்த்த தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். யாருக்கும் ஒன்றும் செய்யாமலே ஒரு வீட்டின் சந்தோஷத்தைப் பிடுங்கியாகிவிட்டது.

அன்று மாலை சுமையாவின் அம்மா நூர்ஜஹான் ஒரு டப்பா நிறைய தம்ரூட் என்ற ரவை இனிப்பைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். தாட்சாயணியின் அப்பா உடனே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பத்து வருஷம் கயிச்சுதானே கண்ணு," என்றாள் நூர்ஜஹான். "பெனால்ட்டி குட்துடுறேன்னு இப்பவே ஒரு வார்த்த சொல்லிடேன். அவ மூணு நாளா சோறு துண்ணல."

"கால் பட்டா குடுக்குறேன் அத்தை."

"படலன்னா?"

தாட்சாயணி டப்பாவைப் பார்த்தாள். முந்திரி பொன்னிறமாக மேலே பதிந்திருந்தது. அவளுக்கு மிகவும் பிடித்த பண்டம்.

"படலன்னா குடுக்க முடியாது அத்தை. இத்த எட்துனு பூடுங்க."

நூர்ஜஹான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். கோதண்டம் இரண்டாவது துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "ஒரு வார்த்ததானம்மா," என்றார். "அப்பால மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்." மகள் முறைத்த முறைப்பில் அதை மென்று விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு சுமையா அவளுக்குப் பந்து கொடுப்பதை நிறுத்தினாள். இடதுபுறத் தடுப்பாட்டக்காரி கீர்த்தனாவோ பயிற்சிக்கு வருவதையே நிறுத்தினாள். அவள் படத்தில் ஒன்றரை நிமிஷமும் பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டாள். "எப்டியும் பெஞ்சுதான், இன்னாத்துக்கு ஓடணும்?" என்று வீட்டில் உட்கார்ந்து நிஜமாகவே வாழைப்பழம் சாப்பிட ஆரம்பித்தாள். ஆட்டக்காரிகளை வளர்க்க வந்த படம் அவர்களை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துக்கொண்டிருந்தது. இன்பவல்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நகம் கடித்தாள்.

இந்த நிலைமையில்தான் தேர்வு ஆட்டம் வந்தது. பெங்களூரில் தங்கிப் படித்துக்கொண்டே ஆட வைக்கும் ஒரு பயிற்சி முகாமிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கழக மைதானத்திலேயே எண்ணூர்ப் பக்கத்து அணியோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். பிடித்திருந்தால் இரண்டு பேரை எடுத்துக்கொள்வார்கள். தாட்சாயணி காலையிலேயே முடிவு செய்திருந்தாள். இன்றைக்குக் கோட்டைப் பார்க்கக் கூடாது. யார் யாரைக் குத்தினாலும் கண்டுகொள்ளக் கூடாது. பந்து, பந்து, பந்து மட்டும்.

நடுவராக வந்தவர் தணிகாசலம். ஐம்பது வயசு, மின்வாரியத்தில் வேலை, இருபத்திரண்டு வருஷமாக வடசென்னையில் ஊதுகிறவர். ஊரில் எல்லோர் செல்போனிலும் இருந்த அந்தப் படம் அவர் செல்போனிலும் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் சுமையாவைப் பார்த்து, "நீதானம்மா அந்த வுழுற பொண்ணு?" என்று சிரித்தார். பிறகு தாட்சாயணியைப் பார்த்து, "வாங்க மேடம்," என்றார்.

தாட்சாயணி பந்தையே பார்த்து ஆடினாள். பரிதாபமாக ஆடினாள். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடியதில் ஒரு தடவை மூலைக் கொடிக்கம்பத்தில் மோதினாள். பெங்களூர்க்காரர்கள் குறிப்பேட்டில் ஏதோ எழுதி, உடனே அதைக் கோடு போட்டு அடித்தார்கள்.

அறுபத்தோராவது நிமிஷத்தில் சுமையா தனியாகக் கிளம்பினாள். ஒருத்தியை வெட்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், பெனால்ட்டி எல்லைக்குள் நுழைந்தாள். பின்னாலிருந்து வந்த தடுப்பாட்டக்காரியின் பூட்ஸ் அவள் இடது குதிகாலில் இறங்கியது. சுமையா விழுந்தாள்.

மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாருய்யா, இப்பவே ரிகர்சலு பாக்குது." தணிகாசலமும் சிரித்துக்கொண்டே வந்து மஞ்சள் அட்டையை உயர்த்தினார். சுமையா கையைத் தூக்கவில்லை, கத்தவும் இல்லை. குதிகாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

முப்பது மீட்டர் தள்ளி நின்ற தாட்சாயணிக்குத் தான் எப்போது ஓட ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை.

"சார், கால் பட்டுச்சு. இடது குதிகாலு. நான் பாத்தேன்."

"நீ போம்மா உன் எடத்துக்கு."

"சார், நீங்க நின்ன எடத்துலருந்து அது தெரியாது. நடுவுல நாலாம் நம்பர் மறச்சினு இருந்தாங்க."

தணிகாசலத்தின் சிரிப்பு போய்விட்டது. அவளுக்கும் ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

"இது கரீட்டு சார்," என்றாள் தாட்சாயணி. "உங்களாண்ட வாக்குவாதம் பண்ணேன், இதுக்குக் குடுக்கலாம். அவளுக்குக் குடுத்தது தப்பு. நீங்க அந்தப் படத்த பாத்துட்டு ஊதுறீங்க சார். அது இன்னும் நடக்கல. இதான் நடந்துச்சு."

மைதானத்தில் சிரிப்புச் சத்தம் அடங்கியது. தணிகாசலம் சுற்றிலும் பார்த்தார். முகம் சிவந்தது. மறுபடியும் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, வெளியே போ என்று விரலை நீட்டினார்.

தாட்சாயணி நாலடி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். "சார், ரெண்டாவது மஞ்சளுக்கு அப்பால செவப்பையும் காட்டணும்."

அவர் சட்டைப் பைகளைத் தடவி, சிவப்பு அட்டையைத் தேடி எடுத்துக் காட்டும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகுதான் அவள் வெளியே போனாள்.

பத்துப் பேரோடு ஆடி அணி தோற்றது. பெங்களூர்க்காரர்கள் சுமையாவையும் கோல்கீப்பரையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிவப்பு அட்டைப் பெண் விளையாடவும் செய்வாளா என்று மாஸ்டரிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வண்டி ஏறினார்கள்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த தாட்சாயணியின் பக்கத்தில் சுமையா நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். குதிகால் வீங்கியிருந்தது.

"நீ ஏன்டி வந்த? நீ பாட்டுக்கு ஆடினுருந்தா உன்னையும் எட்துருப்பாங்க."

"கொடிக்கம்பத்துல மோதுனப்பவே எடுக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சிபோச்சு."

"அதுக்காவ வந்தியா?"

"இல்ல. பட்டுச்சு. அதான்."

சுமையா குழாயைத் திறந்து குதிகாலில் தண்ணீர் விட்டாள். "பத்து வருஷம் கயிச்சு, படலன்னா?"

"காட்டுவேன்."

"காட்டு," என்றாள் சுமையா. பிறகு ஈரக் கையை அவள் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே இன்பவல்லி பதினெட்டுப் படங்களையும் அழித்தாள். நிரலின் அந்தப் பகுதியையே பூட்டிவைத்துவிட்டு, இனிமேல் நடந்த ஆட்டங்களை மட்டும் பார்ப்போம் என்று கழகத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தாள். படம் அழிந்ததோடு தன் பெஞ்சும் அழிந்துவிட்டது என்று புரிந்துகொண்ட கீர்த்தனா, மூன்று கிலோ கூடிய உடம்போடு பயிற்சிக்குத் திரும்பினாள். இன்பவல்லி இன்னொன்றும் செய்தாள். அறுபத்தோராவது நிமிஷத்தின் காட்சியை நாலு கேமராவிலிருந்தும் எடுத்து மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கு அனுப்பினாள். குதிகாலில் பூட்ஸ் இறங்கியது மூன்று கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. நாலாவதில் நாலாம் நம்பர் மறைத்திருந்தாள்.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. காட்சியைப் பார்த்தோம், உரிய நடவடிக்கை எடுக்கப்படும். ஆனால் நடுவரோடு வாக்குவாதம் செய்தது செய்ததுதான். தாட்சாயணிக்கு இரண்டு ஆட்டம் தடை. அதோடு, விதிமுறைகளைக் கற்றுக்கொள்ளும் பொருட்டு மூன்று நாள் நடுவர் பயிற்சி வகுப்பில் கட்டாயம் உட்கார வேண்டும்.

"பாத்தியா," என்றார் கோதண்டம். "அங்க பென்ஷன் மேட்டரு கேட்டுனு வா."

வகுப்பு ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நடந்தது. நாற்பது பேர், அநேகமாகத் தொந்தி வைத்த ஆண்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தாட்சாயணி எரிச்சலோடு கடைசி பெஞ்சுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே தணிகாசலம் உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனுக்கும் லெட்டரா?" என்றார்.

"ஆமா சார். உங்களுக்குமா?"

"நாலு கேமராவாம்," என்றார் தணிகாசலம், பொதுவாகச் சுவரைப் பார்த்து. நகர்ந்து இடம் விட்டார்.

ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு விசில், ஒரு நோட்டு, இரண்டு அட்டைகள். ஆசிரியர் திரையில் ஒரு காட்சியை ஓட்டி, இது ஃபவுலா என்று கேட்டார். முப்பத்தொன்பது கைகள் உயர்ந்தன.

"நீ இன்னாம்மா, ஃபவுல் இல்லன்றியா?" என்றார் ஆசிரியர் கடைசி பெஞ்சைப் பார்த்து.

"ஃபவுல்தான் சார். ஆனா அதுக்கு முன்னாலயே ஆட்டம் நின்னுருக்கணும். த்ரோ போட்டவங்க பின்னங்கால தூக்கிட்டாங்க, ரெண்டு காலும் தரையில இருக்கணும்."

ஆசிரியர் பின்னால் ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். ஆறு வருஷமாக இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாய் தன்பாட்டில் சிரித்துவிடப்போகிறது என்று தெரிந்து தாட்சாயணி குனிந்து நோட்டில் தேதி எழுதினாள். தேதியைத் தப்பாக எழுதினாள்.

மூன்றாம் நாள் எழுத்துத் தேர்வு. இருபது கேள்விகள், ஒரு மணி நேரம். அவள் பதினோராவது கேள்விக்கு வந்தபோது, பக்கத்தில் தணிகாசலத்தின் கழுத்து மெல்ல நீண்டு அவள் தாளுக்கு மேலே நின்றது. பெரிய மனிதர், முழங்கால் வலி வேறு. அவள் கண்டுகொள்ளாமல் எழுதினாள். பதினாலாவது கேள்வியில் மறுபடியும் நீண்டது. இந்தத் தடவை உதடுகளும் அசைந்தன.

தாட்சாயணி நிமிரவில்லை. இடது கையால் துணிப்பையைத் திறந்து, மஞ்சள் அட்டையை எடுத்து, இருவருக்கும் நடுவே பெஞ்சின் மேல் வைத்தாள்.

தணிகாசலம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் எந்த ஆட்டக்காரரும் அவருக்குக் காட்டாத மரியாதையோடு தலையைக் குனிந்து, தன் தாளைத் தானே எழுதத் தொடங்கினார்.